பாராட்டினால் கண் படும்

உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கும் பாராட்டு அட்டைகளைத் தூக்கிப் போடச் சொல்லி இதை எழுதவில்லை. மஞ்சள் நட்சத்திரம், சிரிக்கும் முகம், தூக்கிய கட்டைவிரல் எல்லாம் இருக்கட்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை நானும் அவற்றை ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். மனநல ஆலோசனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நாலு வார்த்தையில் எதையும் முடித்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் ஒரே ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவளைப் பற்றிச் சொன்னால் எனக்குத் தெரிந்ததில் பாதியைச் சொன்ன மாதிரி.

நான் தேனி கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த வீட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். உளவியல் படிக்கப் போகிறேன் என்றபோது அப்பா, "கடையில ஒக்காந்து வர்றவுக பேசுறதக் கேட்டாலே அதெல்லாம் வந்துருமே, அதுக்கு எதுக்குக் காலேஜு?" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று வேலைக்கு வந்த பிறகு தெரிந்தது. வார நாட்களில் தேனியில் வேலை. சனிக்கிழமைகளில் கம்பத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியறையில் உட்காருவேன். நான் டாக்டர் இல்லை, மாத்திரை எழுதித் தர மாட்டேன் என்று வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். "சரிங்க டாக்டரம்மா" என்பார்கள்.

கார்த்திகா அங்கேதான் வந்தாள். காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் அம்மாவும் மகளுமாக வருவார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா முருகேஸ்வரி, சொந்தத் திராட்சைத் தோட்டத்தில் கணவனோடு சேர்ந்து உழைக்கிறவர். மதுரையில் ஒரு மனநல மருத்துவர் அவளைப் பார்த்து, கவனம் நிற்காமல் துறுதுறுவென்று அலைய வைக்கிற ஏ.டி.எச்.டி. என்று சொல்லி மாத்திரை கொடுத்து, பேசிச் சரிசெய்ய வேண்டியதை என்னிடம் அனுப்பியிருந்தார். பையனாக இருந்திருந்தால் ஆறு வயதிலேயே யாராவது தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். பெண் பிள்ளை என்பதால் வாயாடி, பொறுப்பில்லாதவள், பராக்குப் பார்க்கிறவள் என்று திட்டியே பதினேழு வயது வரை ஓட்டிவிட்டார்கள். இதில் வீட்டைவிடப் பள்ளிக்கூடத்துக்குப் பங்கு அதிகம்.

மாத்திரை அதன் வேலையைச் செய்தது. ஒரு கணக்கைத் தொடங்கினால் முடிக்கிற அளவுக்கு உட்கார்ந்தாள். ஆனால் 'நான் எதுக்கும் ஆகமாட்டேன்' என்று உள்ளே ஊறிப்போயிருந்ததை மாத்திரை கரைக்கவில்லை. அதற்கு மாத்திரை கிடையாது. அதற்குத்தான் நம்மை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது சந்திப்போ மூன்றாவதோ, நாம் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். உன்னிடம் இருக்கிற நல்ல விஷயங்களைச் சொல்லு. மேசையில் இருந்த ரப்பரைக் கிள்ளிக் கிள்ளித் துண்டாக்கிக்கொண்டே யோசித்தாள்.

"வெரசாச் சாப்பிடுவேன்."

"அப்புறம்?"

"பஸ்ல சீட்டுப் பிடிப்பேன்."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான். சந்தேகம்னா அம்மாவக் கேளுங்க. கீழதான் பேசிக்கிட்டு இருக்கு, கேக்குதுல்ல?"

கேட்டது. அந்த மாடிப்படி ஒரு ஒலிபெருக்கி மாதிரி. கீழே முருகேஸ்வரி மருந்துக் கடைக்கார பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்னத்தச் சொல்ல பாய், இது ஒண்ணுக்கும் ஆகாது. அடுப்புல பால வச்சா, பொங்கி அடுப்பே அணைஞ்சாலும் பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கும். யாரு தலையில கட்டப் போறேனோ." பாய், "விடுங்கம்மா, சின்னப் புள்ள" என்றார். மேலே கார்த்திகா ரப்பர் துண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. பஸ் நேரம் அறிவிப்பதைக் கேட்கிற முகம்.

அவளுக்கு ஒரு திட்டம் இருந்தது. அவளுடைய சித்தி தினமும் விடியலில் ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவரோடு போய்விடுவது என்று கார்த்திகா முடிவுசெய்திருந்தாள். "அங்கன போனா யாரும் எதையும் கேக்க மாட்டாக டாக்டரம்மா. பறிச்சமா, எடை போட்டமா, வந்தமான்னு இருக்கலாம்." ஏலக்காய் பறிப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த வேலையால் வீடு கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இவள் அந்த வேலைக்குப் போகவில்லை, தன்னைவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சேருகிற இடத்திலும் இதே ஆள்தானே இருப்பாள்? அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் அவளை நிறுத்த வேண்டும். என் கையில் இருந்தது சில சனிக்கிழமைகள்.

அதனால் முருகேஸ்வரிக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். தினமும் ஒரு முறையாவது மகளை மனசாரப் பாராட்டுங்கள். நாலு பேர் கேட்கப் பாராட்டுங்கள். இந்த 'நாலு பேர் கேட்க' என்பது நான் சேர்த்தது. நாலு பேர் கேட்கத்தானே திட்டுகிறார், மருந்தும் அதே வழியில் போகட்டும் என்று நினைத்தேன்.

"நாலு பேரு முன்னாடியா?" என்றார்.

"ஆமாம்."

"வீட்டுக்குள்ள சொன்னாப் பத்தாதா?"

"பத்தாது."

வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். எதிரில் இருப்பவர் தயங்கினால் அதற்கு வெட்கம், மறுப்பு, ஒத்துழையாமை என்று ஏதாவது ஒரு பெயர் வைத்துவிடுவது நம் தொழிலில் சுலபம். தயக்கத்துக்குக் காரணம் கேட்பதற்கு அரை நிமிடம் போதும்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். கார்த்திகாவின் இடது மணிக்கட்டில் கட்டு. முருகேஸ்வரி உட்காரவில்லை.

"இனிமே இவள இங்கன கூட்டியாரல டாக்டரம்மா. சொல்லாமப் போகக் கூடாதுன்னுதான் வந்தேன்."

"என்ன ஆச்சு?"

"நீங்க சொன்னதச் செஞ்சேன். அதான் ஆச்சு."

கதை இதுதான். திராட்சை வெட்டுகிற பருவம். பழம் பார்க்க வியாபாரி தோட்டத்துக்கு வந்திருக்கிறார். கார்த்திகா எல்லோருக்கும் டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். முருகேஸ்வரி என் வீட்டுப்பாடத்தை நினைத்துக்கொண்டு, வியாபாரியும் வேலையாட்களும் கேட்க, "எம் மக இருக்கயில எனக்கு என்ன கவல? அம்புட்டையும் அவளே பாத்துக்கிருவா" என்று சொல்லிவிட்டார்.

"அந்த ஏவாரி இவள ஏற இறங்க ஒரு பார்வ பாத்தாரு. 'அப்படியா'ன்னாரு. அம்புட்டுத்தான். மறுநா விடியல சைக்கிள்ல இருந்து விழுந்தா. கை பிசகிருச்சு. அன்னைக்குச் சாயங்காலமே மழ. வெட்டுற நேரத்துல மழ பேஞ்சா பழம் என்னத்துக்கு ஆகும்? வெடிச்சு ஊத்திருச்சு. பந்தலுக்கு அடியில நடக்க முடியல, காலு பிசுபிசுங்குது. மாமியா வீட்டாளுக வந்து கேக்குறாக, 'எதுக்குடி ஊரான் முன்னாடி பீத்துன?'ன்னு. நான் என்ன சொல்ல? டாக்டரம்மா சொன்னாகன்னு சொல்லவா?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி சிரிப்பு போய்விட்டது, ஏனென்றால் கார்த்திகா பேசினாள்.

"அம்மா சொன்னதே பொய்யி டாக்டரம்மா. நீங்க எழுதிக் குடுத்தத ஒப்பிச்ச மாதிரி இருந்துச்சு. அந்தப் பொய்யிக்கே இம்புட்டு ஆயிருச்சு. என்னையப் பத்தி நல்லதா ஒண்ணு சொன்னா தோட்டத்துக்கே ஆகல, பாத்துக்கங்க. திங்கக்கெழமையில இருந்து சித்தி கூட ஜீப்ல போறேன்."

இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். அவளுடைய மதிப்பை உயர்த்த நான் கொடுத்த வீட்டுப்பாடம், அவள் எப்போதும் நம்பிவந்ததற்கு ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அம்மா வாசற்படியில் நிற்கிறார், கையில் பை. பஸ்ஸுக்கு நேரமாகிறது. இப்படிப்பட்ட ஐந்து நிமிடங்கள் உங்களுக்கும் வரும். அப்போது எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் புரட்ட முடியாது.

மழைக்கும் பாராட்டுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கியிருக்கலாம். "சரிங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கியிருப்பார்கள். உங்கள் நம்பிக்கையை மதிக்கிறேன் என்று குழைந்து பேசியிருக்கலாம். அது இன்னும் மோசம், நாம் மனசுக்குள் என்ன நினைக்கிறோம் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்துவிடும். தவிர, எனக்கு அதற்குத் தகுதியும் இல்லை. எங்கள் கடை வாசலில் கறுப்புக் கயிற்றில் திருஷ்டிப் படிகாரம் தொங்கும். போதகர் வருகிற நாளில் மட்டும் அது கல்லாப் பெட்டிக்கு அடியில் போய்விடும். அவர் போன பிறகு திரும்ப வாசலுக்கு வந்துவிடும்.

அந்தப் படிகாரம்தான் எனக்கு வழி காட்டியது. அப்பா அதைக் கடை வாசலில் கட்டினார். துருப்பிடித்த சாமான் கிடந்த குடோனில் ஒரு நாளும் கட்டியதில்லை.

"முருகேஸ்வரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சொல்லிட்டுப் போங்க. தோட்டத்துக்குத் திருஷ்டி கழிப்பீகளா?"

"கழிக்காம? காய்ப்பு நல்லா இருந்தா பூசணிக்கா கட்டுவோம், பொம்ம வைப்போம்."

"காஞ்சுபோன பந்தலுக்கு?"

"காஞ்ச பந்தல எவன் பாத்துக் கண்ணு வைக்கப் போறான்?"

"சரி. இவளுக்கு?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. 'இவளுக்கு எதுக்கு?' என்று அவர் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணை நான் என் கையாலேயே ஜீப்பில் ஏற்றிவிட்ட மாதிரி ஆகியிருக்கும். பதில் தெரியாமல் கேட்ட கேள்வி. இத்தனை நாள் அவரைப் பார்த்ததில், கீழே நிற்கும் பஸ்ஸில் மகளுக்கு ஜன்னலோர இடம் விட்டுக்கொடுப்பதையும், மாத்திரையைத் தன் முந்தானையில் முடிந்துவைத்து நேரத்துக்குக் கொடுப்பதையும் கவனித்திருந்தேன். அந்த ஒரு தைரியம்தான்.

முருகேஸ்வரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற பார்வை.

"இவளுக்கா? கைப்பிள்ளையில இருந்து வெள்ளிக்கெழம தவறாமச் சுத்திப் போடுறேன்."

"எனக்கா?" என்றாள் கார்த்திகா. "பொய் சொல்லாதம்மா. தம்பியத்தான வாசல்ல ஒக்கார வச்சு உப்பு மொளகா சுத்துவ? எனக்கு எப்ப சுத்துன?"

"அவன் ஒக்காருவான். நீ எங்கன ஒக்கார்ற? ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள ஓடிருவ. பாதியில ஓடுனா நல்லதில்ல. அதான் நீ தூங்கின பெறகு சுத்துறது."

கீழே பாய் யாருக்கோ இருமல் மருந்து எத்தனை மூடி குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப எதுக்கு ஊரெல்லாம் ஒண்ணுக்கும் ஆகாதுன்னு சொல்ற?"

"பின்ன? எம் மக சூட்டிகையானவ, வாயத் தொறந்தா கேக்குறவுக வயிறு வலிக்கச் சிரிப்பாகன்னு தண்டோராப் போடவா? ஊர்க் கண்ணு சும்மா விடுமா? அது ஒரு பேச்சுக்குச் சொல்றது. அதப் போயி யாராச்சும் நெசம்னு நெனப்பாகளா?"

நினைத்திருந்தாள். அவளுடைய தம்பியும் இதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவன்தான், அவன் மேல் அது ஒட்டவில்லை. அவனைப் பள்ளிக்கூடத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அதனால் அம்மா சொன்னது ஒரு பேச்சுக்கு என்று அவனுக்குத் தானாகவே விளங்கியது. கார்த்திகாவுக்கு வீட்டில் கேட்டதை வகுப்பு உறுதிசெய்தது, வகுப்பில் கேட்டதை வீடு உறுதிசெய்தது. கண் படாமல் இருக்க அம்மா போட்ட வேலி, மகளுக்குத் தீர்ப்பாகிவிட்டது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடம் பேசும்போது இதை மறக்காதீர்கள். மற்றப் பிள்ளைகள் உதறிவிட்டுப் போகிற சொல்லை இவர்களால் உதற முடிவதில்லை, ஏனென்றால் பொங்கி வழிந்த பால் உண்மையிலேயே அங்கே இருக்கிறது.

கார்த்திகா எழுந்து படியிறங்கிப் போனாள். முருகேஸ்வரி பதறிக்கொண்டு பின்னால் போகப் பார்த்தார். நான் தடுத்தேன். அவளுக்குக் கோபப்பட உரிமை இருந்தது. இத்தனை வருஷம் நம்பியது ஒரு பேச்சுக்குச் சொன்னது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அதைத் தணிக்க நாம் ஓடக் கூடாது. கீழே பாய் கடை இருக்கிறது, எதிரே டீக்கடை இருக்கிறது, பிள்ளை எங்கும் போய்விடாது என்று அம்மாவை உட்கார வைத்தேன்.

அப்புறம் நாங்கள் இருவரும் பேரம் பேசினோம். சந்தையில் தேங்காய் வாங்குவதைப் போலத்தான்.

"நாலு பேரு முன்னாடி பாராட்ட வேண்டாம். அத விட்ருங்க. ஆனா நாலு பேரு முன்னாடி திட்டவும் கூடாது."

"திட்டாம? யாராச்சும் 'உம் மக எப்படி இருக்கா'ன்னு கேட்டா என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா இருங்க."

"சும்மாவா?" அவருக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. "வீட்டுக்குள்ள?"

"வீட்டுக்குள்ளயும் பாராட்ட வேண்டாம். நடந்தத மட்டும் சொல்லுங்க. பால்காரர்கிட்ட எத்தன லிட்டருன்னு சொல்ற மாதிரி. அவ டீ கொண்டாந்தா 'டீ கொண்டாந்தா'. அம்புட்டுத்தான். ராசாத்தி, கெட்டிக்காரி, ஒண்ணும் வேண்டாம்."

யோசித்தார். "நடந்ததச் சொன்னா கண்ணு படாது" என்றார். "அது சரிதான். ஆனா வெளக்கு வச்ச பெறகு சொல்ல மாட்டேன்."

"சரி."

"ஜீப்பு?"

"கை பிசகியிருக்கு. ஒரு கையால ஏலக்கா பறிக்க முடியுமா? அடுத்த சனிக்கெழம வரைக்கும் பொறுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

அந்த மணிக்கட்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அந்த ஒரு வாரத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தது என் திறமை இல்லை, அந்தக் கட்டு.

அந்த வாரம் முழுவதும் எனக்கு அந்த ஞாபகமாகவே இருந்தது. வருவார்களா, வரமாட்டார்களா என்பது நிச்சயமில்லை. சனிக்கிழமை படியில் தடதடவென்று ஒரு சத்தம். கார்த்திகாதான், அம்மாவைக் கீழே விட்டுவிட்டு முதலில் ஏறி வந்துவிட்டாள்.

"போடுது டாக்டரம்மா! நெசமாவே சுத்திப் போடுது!"

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. அம்மா சொன்னது உண்மையா என்று பார்க்க, தூங்குவது போலக் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறாள். "அசையாமக் கெடந்தேன். மூக்கு அரிச்சுச்சு, சொறியல. கொசு கடிச்சுச்சு, அடிக்கல. அம்மா வந்துச்சு. உப்பும் மொளகாயும் கையில வச்சுக்கிட்டுச் சுத்துச்சு. என்னமோ முணுமுணுங்குது. ஊர்க் கண்ணு, ஒறவுக் கண்ணுன்னு. அப்பறம் 'பெத்தவ கண்ணு'ன்னு சொல்லுச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டு அம்மா வந்து சேர்ந்தார். "முழிச்சா கெடந்த? அடிப் பாவி!"

"இரும்மா. அது என்ன பெத்தவ கண்ணு? உங்கண்ணு எப்படி எம்மேல படும்? நீ என்னையத் திட்டத்தான செய்யிற?"

முருகேஸ்வரி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நாம் பேசினால் கெட்டது. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பெத்தவ கண்ணுதான் ரொம்பப் பொல்லாதது. மத்தவக எப்பவாச்சும் ஒரு தடவ பாக்குறாக. நான் பொழுதன்னைக்கும் உன்னையவே பாத்துக்கிட்டு இருக்கேன்ல."

கார்த்திகா அப்போதுதான் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் கலங்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நல்ல விதிதான், அன்றைக்கு என்னால் முடியவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கண்ணீரில் ஒரு பிள்ளை தேறுவதில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் அவள் ஜீப் ஏறவில்லை, அவ்வளவுதான் அப்போதைக்கு நடந்தது. அதற்குப் பிறகு வேலை இருந்தது, நிறைய இருந்தது. அரையாண்டில் வேதியியலில் தோற்றாள். வினாத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. "பாத்தீகளா, நான் சொன்னேன்ல" என்று வந்து நின்றாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. முன்பக்கத்தில் எத்தனை கேள்வி சரி என்று அவளையே எண்ணச் சொன்னேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் திருப்பியிருந்தா பாஸு" என்றாள். 'நான் எதற்கும் ஆகமாட்டேன்' என்பதற்கும் 'தாளைத் திருப்பியிருக்க வேண்டும்' என்பதற்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலாவதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதற்கு ஒரு வழி உண்டு. தாளை வாங்கியவுடன் திருப்பிப் பார்த்து, பின்பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பது என்று அவளே ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டாள்.

முருகேஸ்வரி வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லப் பழகினார். முதலில் அது கொஞ்சம் வேடிக்கையாகவே இருந்ததாம். "டீ போட்டா." "துணியக் காயப் போட்டா." "காயப் போட்டத எடுக்கல." அதுவும் நடந்ததுதானே, சேர்த்துச் சொல்லட்டும் என்றேன். ஒரு சனிக்கிழமை அவரே ஒன்று கொண்டுவந்தார். "திராட்ச எலைக்கு அடியில வெள்ளையாப் பூசணம் பூத்திருக்குன்னு இவதான் மொதல்ல பாத்தா. ஒரு எடத்துல ஒக்கார மாட்டாளே, தோட்டம் பூராச் சுத்திக்கிட்டே இருந்தா, பாத்துட்டா. இவ அப்பா மறுநாளே மருந்தடிச்சாரு." குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். கார்த்திகா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது. இதை அவள் பொய் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது, இலை அங்கே இருந்தது. அவள் வாழ்க்கையில் கேட்ட திட்டெல்லாம் ஆதாரத்தோடு வந்தவை. நல்ல சொல்லும் ஆதாரத்தோடு வந்தால்தான் அவள் வாசலைத் திறப்பாள்.

வெளியில் திட்டாமல் இருப்பதுதான் முருகேஸ்வரிக்குக் கடைசி வரை போராட்டமாக இருந்தது. பல முறை தவறினார். தவறிய அன்று அவரே வந்து, "வாய் நமநமன்னுச்சு, சொல்லிட்டேன்" என்பார். நாமும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து வந்துவிடும் என்ற பயத்தை மீறி அந்த அம்மா வாயை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அப்படி ஒரு பயம் இருந்து, யாராவது வந்து வேண்டாம் என்று சொன்னால் நான் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

தேர்வு முடிவு வந்தபோது சொல்ல வந்தார்கள். பிரமாதமான மதிப்பெண் இல்லை, பாஸ். எல்லாப் பாடத்திலும் பாஸ். காலேஜுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். இனி சனிக்கிழமை தோறும் வர வேண்டியதில்லை என்று பேசி முடித்து, மூவருமாகப் படியிறங்கினோம். மருந்துக் கடை வாசலில் கூட்டம். பாய் தலையை நீட்டி, "என்னம்மா, உங்க மக என்னாச்சு?" என்று கேட்டார். அவரும் ஆரம்பத்திலிருந்தே அந்த ஒரே பதிலைக் கேட்டுப் பழகியவர்.

"அத ஏன் கேக்குறீக பாய், இது ஒண்ணுக்…" என்று ஆரம்பித்தார் முருகேஸ்வரி. வார்த்தை பாதியில் நின்றது. மகளைப் பார்த்தார்.

"பாஸு. தாளத் திருப்பிப் பாத்து எழுதியிருக்கா. பாஸாயிட்டா."

இத்தனை பேர் முன்னால். அந்தப் பெண்மணி என்ன விலை கொடுத்து அதைச் சொன்னார் என்பது அங்கே எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷ அனுபவம், பேரம், விதி எல்லாம் மறந்துபோய், தெருவே கேட்க, "கெட்டிக்காரி! இவளுக்கு என்ன, ராணி மாதிரி வருவா பாருங்க!" என்று சொல்லிவிட்டேன்.

முருகேஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, நான் நின்ற இடத்தில், என் செருப்புக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார்.

"ஆத்தா, இங்கன வா."

கார்த்திகா வந்து நின்றாள். பஸ் ஹாரன் அடித்தது, அவள் கையில் இருந்த போன் அடித்தது, கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மாவின் கை அவள் தலையைச் சுற்றி வந்தது. சுற்றி முடித்து, மண்ணைத் தெருவில் எறிந்து, தூ தூ என்று துப்பும் வரை அவள் என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள். அசையவில்லை.